செம்பருத்தியில் மாவுப்பூச்சி: எறும்பைத் தடுத்ததும் போனது

வேளச்சேரி அடுக்குமாடி வீட்டின் சின்ன பால்கனி. தொட்டியில் இருந்த அடுக்குச் செம்பருத்தியின் மொட்டுக் காம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாய் மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனைய அடித்தேன். குறைந்தது, மறுபடி வந்தது.

உற்றுப் பார்த்தால் தண்டில் சாரை சாரையாக எறும்பு. பூச்சி கழிக்கும் இனிப்புப் பாகுக்காக எறும்பே அதற்குக் காவல், மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டைக்கூட அண்டவிடாது. அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே செங்கல் வைத்து, அதன்மேல் தொட்டியை ஏற்றினேன். சுவரில் உரசிய கிளைகளை வெட்டினேன், இல்லாவிட்டால் எறும்புக்கு அதுவே பாலம். தட்டுத் தண்ணீரை அடிக்கடி கொட்டித் தேய்த்து மாற்றுங்கள், டெங்குக் கொசு முட்டையிடும். பிறகு அடித்த வேப்பெண்ணெய் நன்றாகவே கேட்டது. இப்போது துளிரெல்லாம் சுத்தம், மொட்டும் உதிர்வதில்லை.