1872-ல் வந்த ரகசிய வாக்கு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனின் 1872 வாக்குச்சீட்டுச் சட்டத்தை வாக்குரிமைச் சட்டங்களோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். யாருக்கு வாக்கு என்பதை மாற்றியவை 1832, 1867, 1884 சட்டங்கள். 1872 சட்டம் மாற்றியது வாக்களிக்கும் முறையை: வெளிப்படையாகச் சொல்லும் வாக்குக்குப் பதில் ரகசிய வாக்கு. பெண்களுக்கு அப்போதும் நாடாளுமன்ற வாக்கு கிடையாது.

ரகசிய வாக்கைக் கொண்டுவந்த முதல் நாடு பிரிட்டன் என்றும் எழுதிவிடாதீர்கள். ஆஸ்திரேலியக் காலனிகளான விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856-லேயே கொண்டுவந்துவிட்டன.

எதிர்த்தவர்கள் எல்லாரும் நிலப்பிரபுக்கள் என்று முடிவுகட்டுவதுதான் பெரிய தவறு. நிலப்பிரபுக்கள் எதிர்த்ததற்குக் காரணம் இருந்தது, சரி. அதுவரை வாக்காளர் எல்லார் முன்னாலும் வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதைப் பதிந்துகொள்வார். பல ஊர்களில் அந்தப் பதிவேடு அச்சாகி விற்பனைக்கே வந்தது! 1868-ல் நிலப்பிரபுவின் விருப்பத்துக்கு மாறாக லிபரல் கட்சிக்கு வாக்களித்த வேல்ஸ் குத்தகைதாரர்கள் சிலர் நிலத்தை இழந்தார்கள். ஆனால் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லும் ரகசிய வாக்கை எதிர்த்தாரே. முதலில் ஆதரித்துவிட்டுப் பின்னால் மாறியவர் அவர். வாக்கு சொந்தச் சொத்து அல்ல, வாக்கில்லாதவர்களுக்கும் சேர்த்துச் செய்யும் கடமை, ஆகவே ஊரறியச் செய்ய வேண்டும் என்றார். உழும் நிலம் அடுத்தவர் கையில் இருக்கிறவனிடம் இந்த வாதம் எடுபடாது என்பது என் எண்ணம். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் அந்தக் கால விவாதம் பாதிதான் புரியும்.

ரகசியம் வந்ததும் லஞ்சம் ஒழிந்தது என்பதும் அவசரக் கணக்கு. சட்டம் வந்த கையோடு, 1872 ஆகஸ்ட் 15 அன்று, ரகசிய வாக்கில் முதல் நாடாளுமன்றத் தேர்தலாக, பான்டிஃப்ராக்ட் இடைத்தேர்தல் நடந்தது. ஆனால் எட்டு வருடம் கழித்தும், 1880-ல், சாண்ட்விச் தொகுதியில் பணம் தாராளமாகப் புழங்கியது. இரு தரப்பிலும் வாங்கிக்கொண்ட வாக்காளர்களும் உண்டு. யாருக்குப் போட்டார் என்று பார்க்க முடியாதபோது அது வசதிதானே! அந்தத் தொகுதியே 1885-ல் ஒழிக்கப்பட்டது. தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது 1883 சட்டம். லஞ்சம் குறைந்ததில் அதன் பங்கைச் சொல்லாமல் 1872-க்கே முழுப் பெருமையையும் கொடுக்கக் கூடாது.

அப்புறம், முழு ரகசியம் என்றும் எழுத வேண்டாம். வாக்குச்சீட்டிலும் அதன் அடிக்கட்டையிலும் ஒரே எண் இருக்கும். கள்ள வாக்குப் புகார் வந்தால், அதை வைத்துச் சீட்டைத் தேடிப் பிடிக்க வழி இருந்தது.