புரட்டாசியில் திருச்சிக்கு வருகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

புரட்டாசி பிறந்தால் போதும், சொந்தக்காரர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "சனிக்கிழமை காலைல வந்துடறோம். ஸ்ரீரங்கம் பாத்துட்டு, மலைக்கோட்டை ஏறிட்டு, அப்படியே கல்லணை, சாயங்காலம் தஞ்சாவூர்." கேட்கும்போதே எனக்குக் கால் வலிக்கும். இடங்களைத் தேர்ந்தெடுப்பதில் யாரும் தப்பு பண்ணுவதில்லை. கிழமையிலும் நேரத்திலும்தான் கோட்டை விடுகிறார்கள்.

முதல் தப்பு அந்தச் சனிக்கிழமையேதான். விரதமிருந்து பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களுக்கு வரிசை ஒரு பொருட்டே இல்லை, அவர்கள் வரட்டும். ஊர் பார்க்க வருகிறவர்கள் செவ்வாய், புதன் என்று வந்தால் 156 ஏக்கர் ஸ்ரீரங்கம் கோயிலை ஆற அமரப் பார்க்கலாம். சேஷராயர் மண்டபத்தில் ஏதாவது ஒரு குதிரைத் தூணின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரை, அதன் மேல் ஈட்டியோடு வீரன், கீழே மோதிக்கொண்டிருக்கும் விலங்கும் மனிதர்களும், எல்லாம் கல்லில். சனிக்கிழமை வந்தால் அந்தத் தூணில் சாய்ந்து புளியோதரை சாப்பிடுகிறவரின் முதுகுதான் தெரியும்.

அப்புறம் செருப்பு விஷயம். 236 அடி ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1987இல்தான் முழுமையானது. அதைத் தாண்டியதும் கோயில் வந்துவிட்டது என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது ஏழாவது சுற்றின் வாசல். உள்ளே வீடும் கடையும் ஆட்டோவுமாக வீதிகள் இருக்கின்றன. ரங்கா ரங்கா கோபுரம் வரை செருப்போடே நடக்கலாம்.

ஆடி, ஆவணி போய்விட்டது, இனிமேல் வெயில் தணிந்திருக்கும் என்ற நினைப்பு அடுத்த தப்பு. புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்று சும்மாவா சொன்னார்கள்? இரண்டும் ஒரே நாளில் நடக்கும். போன வருஷம் என் சித்தப்பா பையன் குடும்பத்தோடு பன்னிரண்டரை மணிக்கு மலைக்கோட்டை ஏறினான். நான் சொன்னதைக் கேட்கவில்லை. 417 படிகளில் முக்கால்வாசி கூரைக்கு அடியில் போவதால் ஒன்றும் தெரியாது. தாயுமானவர் நடை சாத்தியிருந்தது. சரி, உச்சிப்பிள்ளையாரையாவது பார்ப்போம் என்று மேலே போனால் வெட்டவெளிப் பாறை. வெறுங்காலை வைத்ததும் அவனுடைய ஆறு வயசுப் பெண் வீறிட்டாள். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவன் ஒற்றைக்கால் மாற்றி ஒற்றைக்காலாகக் குதித்ததை அவன் மனைவி வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏறுங்கள். பாறை ஆறியிருக்கும். ஒரு பக்கம் லூர்து மாதா கோயில் கூம்பு, வடக்கே காவிரி, அதற்கப்பால் தென்னந்தோப்புக்கு நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். இருட்டும் முன்பு இறங்கிவிடலாம். இடி இடிக்கிற சாயங்காலமாக இருந்தால் ஏறவே வேண்டாம்.

மதியம் என்ன செய்வது? எல்லாக் கோயிலும் சாத்தியிருக்கும் என்று லாட்ஜில் படுத்துவிடுகிறார்கள். பதினொன்றரைக்குத் திருவானைக்காவில் இருங்கள். உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் புடவை கட்டிக்கொண்டு, அகிலாண்டேஸ்வரியாகவே சுவாமி சன்னிதிக்கு வந்து பூஜை செய்வார். மேளச் சத்தம் வரும் பக்கம் போய் ஓரமாக நின்றால் போதும். பஞ்சபூதத் தலங்களில் இது நீர்த் தலம். கருவறையில் தண்ணீர் ஊறுவதைப் பற்றிக் காவிரி ஓடுகிற இந்த மாதங்களில் அங்கே விசாரித்துப் பாருங்கள்.

தண்ணீர் என்றதும் ஆறு. இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. உபரித் தண்ணீர் கொள்ளிடத்தில் போகும். காலையில் மணலாகக் கிடக்கும் கொள்ளிடத்தில், மேலே மதகைத் திறந்துவிட்டால் தண்ணீர் ஏறுவதற்கு உங்களைக் கேட்காது. 1836இல் முக்கொம்பில் கட்டிய மேலணையிலேயே 2018 ஆகஸ்டில் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மணலில் இறங்கி செல்ஃபி எடுக்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். குளிக்க அம்மா மண்டபம் படித்துறை இருக்கிறது. மகாளய அமாவாசையன்று மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். வெளியூர் பஸ்கள் பல 2025இலிருந்து பஞ்சப்பூர் நிலையத்துக்குத்தான் வருகின்றன. பழைய நினைப்பில் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ரூம் போட்டுவிட்டு, இறங்கியதும் முழிக்காதீர்கள்.

தஞ்சாவூரை அதே நாளில் சேர்க்காதீர்கள். ஒரு வழிக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். தனியாக ஒரு சாயங்காலம் கொடுங்கள். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது கதை விட்டால், வெயில் சாய்கிற நேரத்தில் பிராகாரத்தில் நின்று நீங்களே பாருங்கள், நன்றாகவே விழும். நவராத்திரிக்கு முன்பு போனால் கொலுவுக்குப் பொம்மை வாங்கலாம். தலையாட்டிப் பொம்மையில் காகிதக்கூழில் செய்வதும் உண்டு. அதை வெறும் பேப்பரில் சுற்றி மழையில் தூக்கிக்கொண்டு அலைந்தால், வீட்டுக்குப் போய்ப் படியில் வைக்க ராஜாவும் இருக்கமாட்டார், ராணியும் இருக்கமாட்டார். பிளாஸ்டிக் கவர் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகக் கல்லணைச் சாலை. இது குறுவை அறுவடைக் காலம். பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். பைக்கை அதன் மேல் விட்டால் சறுக்கும், விழுவது நீங்கள்தான். ஹாரன் அடிப்பதால் பயனில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கவில்லையென்றால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை எடுக்கமாட்டார்கள். அதனால்தான் அந்த விவசாயி காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிளறிக்கொண்டு, கண்ணை வானத்தில் வைத்திருக்கிறார். மேற்கே கறுத்து, முதல் தூறல் விழுந்து, அவர் தார்ப்பாயை இழுக்க ஓடினால், வண்டியை ஓரம் கட்டிவிட்டு மறுமுனையைப் பிடியுங்கள். அதற்கப்புறம் டீ அவர் செலவு.