குழந்தையை இழந்த பெற்றோரிடம் நாம் செய்யும் தவறுகள்

கருவிலோ பிறந்த சில நாளிலோ குழந்தையை இழந்தவர்களைப் பார்க்கப் போனால், பலருக்கும் முதலில் வாயில் வருவது இதுதான்: "இன்னும் வயசு இருக்கு, அடுத்தது நல்லபடியா பிறக்கும்." நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் அந்தத் தாய் அழுவது இந்தக் குழந்தைக்காக. அடுத்த பிள்ளை பிறந்தாலும் இந்தப் பிள்ளை இல்லாதது இல்லாததுதான். "நல்லவேளை, முகம் பார்த்துப் பழகுறதுக்கு முன்னாடியே போயிடுச்சு", "அதான் மூத்தது இருக்கே" என்பதெல்லாம் இதே ரகம். எத்தனை வாரம் என்று கேட்டு அழுகைக்கு அளவு வைப்பதும் அப்படித்தான். பத்தாவது வாரத்திலேயே பெயர் யோசித்து வைத்தவர்கள் உண்டு.

"ரொம்ப வருத்தமா இருக்கு, என்ன சொல்றதுன்னே தெரியல" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், போதும். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள்.

காரணம் விசாரிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. "கனமா எதையாவது தூக்கினியா? வண்டியில போனியா?" முதல் மூன்று மாதத்தில் நடக்கும் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் குறைபாட்டால் நடப்பவை. அன்றாட வேலையோ வழக்கமான பயணமோ அதற்குக் காரணமில்லை. வயிற்றிலேயே இறந்து பிறக்கும் குழந்தைகளில் பலருக்கு, எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகும் காரணம் தெரிவதில்லை. தூக்கம் வராத இரவுகளில் அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியை நாமும் போய்க் கேட்க வேண்டுமா?

"பார்க்க வேண்டாம், நீ தாங்க மாட்டே" என்று உறவினர்களே முடிவு செய்வது இன்னொரு பெரிய தவறு. சிலர் குழந்தையைக் கையில் வாங்கிப் பார்க்க விரும்புவார்கள், சிலர் விரும்ப மாட்டார்கள். இரண்டும் சரிதான், ஆனால் அவர்களைக் கேட்க வேண்டும். புகைப்படம், காலடி ரேகை, கையில் கட்டிய பெயர்ப்பட்டை இவற்றையெல்லாம் அந்தச் சில மணி நேரத்தில் எடுத்து வைத்தால்தான் உண்டு. வாங்கி வைத்த துணிமணிகளையும் அவள் வீடு திரும்புவதற்குள் யாரும் அப்புறப்படுத்த வேண்டாம்.

பலரும் சொல்லாமல் விடும் ஒன்று, பால் சுரப்பு. நான்காவது மாதத்துக்குப் பிறகு கரு கலைந்தாலும் பால் சுரக்கலாம். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் மார்பு கட்டிக்கொள்ளும். குடிக்கப் பிள்ளை இல்லாத நேரத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் இது வந்தால் எப்படி இருக்கும்? முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். வலி தணியும் அளவுக்கு மட்டும் பாலைப் பீய்ச்சி எடுக்கலாம். பால் வற்ற மாத்திரையும் உண்டு, மருத்துவரைக் கேளுங்கள். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் உடனே காட்ட வேண்டும்.

தகப்பனிடம் எல்லாரும் "அவ எப்படி இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். அவரையும் கேளுங்கள்.

வீட்டில் மூத்த குழந்தை இருந்தால், "பாப்பா தூங்குது" என்று சொல்லாதீர்கள், அப்புறம் அது தூங்கவே பயப்படும். இறந்துவிட்டது என்று எளிமையாகச் சொல்லலாம்.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டு வருவதைவிட, ஒரு வேலையைக் கையில் எடுத்துச் செய்யுங்கள். அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லிவிடலாம். வாரா வாரம் "உங்கள் குழந்தை இப்போது இவ்வளவு வளர்ந்திருக்கும்" என்று செய்தி அனுப்பும் கர்ப்பகாலச் செயலியை, அவளைக் கேட்டுவிட்டு போனிலிருந்து நீக்கலாம். பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியை மறக்காமல் அன்று ஒரு போன் செய்யுங்கள். எத்தனை மாதம் கழித்தானாலும் சரி, "நானும் போயிடலாம் போல இருக்கு" என்று சொன்னால் அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.