பங்கு வீட்டில் ஓடு மாற்ற: பங்காளிகளைச் சம்மதிக்க வைப்பது

பங்காளிகள் பலருக்குப் பொதுவான செட்டிநாட்டு வீடு இது. முதலில் எந்த அறை யாருக்கு, சாவி யாரிடம், ஆள் சென்னையிலா சிங்கப்பூரிலா என்று எழுதிக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் வாட்ஸ்அப் குரூப்பில் செலவு மதிப்பீட்டைப் போடாதீர்கள். ஒருவர் ‘இப்ப என்ன அவசரம்?’ என்றால் மற்றவர்களும் வாய் திறக்கமாட்டார்கள். மறுக்கக்கூடியவரிடம் முன்னதாகத் தனியே பேசுங்கள்; பெரும்பாலும் தடை பணமல்ல, ‘என்னைக் கேக்கலையே’ என்பதுதான். ஆச்சிமாரையும் கேளுங்கள், முன்னோருக்குப் படையலிடும் படைப்பு நடக்கும் இடத்தில் கைவைத்தால் எல்லாம் நின்றுபோகும்.

மழைநாளில் வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) ஒழுகுவதை, ஊறிய தேக்குச் சட்டத்தோடு வீடியோ எடுத்து அனுப்புங்கள். உடைந்த நாட்டு ஓட்டை மட்டும் மாற்ற ஒன்று, முழுதும் பிரித்து வேய ஒன்று என 2 மதிப்பீடு வேண்டும். செலவைப் பங்குப்படி பிரியுங்கள். ஒரு பங்கில் 4 புள்ளி (மணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி), இன்னொன்றில் 1 என்றால் புள்ளிக்கு இவ்வளவு என்பது எடுபடாது.

வெளிநாட்டுப் பங்காளி தனக்காகச் செயல்பட ஒருவருக்கு அங்கே எழுதிக்கொடுத்த பவர் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிடுங்கள். எல்லாரும் எழுத்தில் ஒப்பும்வரை ஓட்டில் கைவைக்கவேண்டாம்.