திடப்படுத்தலுக்குப் பிறகும் பிள்ளைகள் சபையில் ஒட்டி நிற்க

நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஓய்வுநாள் பள்ளி, வாலிபர், பெண்கள் ஐக்கியம் எல்லாம் தனித்தனி. திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை தன் விசுவாசத்தைச் சபை முன் உறுதிசெய்யும் சடங்கு) முடிந்ததும் பிள்ளை எதிலும் ஒட்டாமல் நழுவுவது பெரும்பாலும் இதனால்தான்.

லெந்து காலத்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) ஞாயிறுகளில், ஆராதனை முடிந்த கையோடு, வேதம் வாசித்துப் பேச 20 நிமிஷம் கலப்புக் குழு வைத்தோம். குழுவுக்கு 8 பேர்: முதியோர், பெற்றோர், வாலிபர், சிறுபிள்ளைகள் இரண்டிரண்டு பேர். ஒரே வீட்டார் ஒரே குழுவில் கூடாது. அப்பா முன்னால் பிள்ளை வாய் திறக்காது.

சிக்கல் வந்தது வாசிப்பில். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு வேதாகமத் தமிழ் நாக்கில் புரளவில்லை. வெட்கப்பட்டு மறுவாரம் வரவில்லை. பிறகு பாட்டி வாசிக்க, பிள்ளை விரலால் வரியைத் தொடர்ந்து வரும்படி மாற்றினோம். பெரிய எழுத்து வேதாகமம் அவசியம். பத்து வசனத்தைத் தாண்ட வேண்டாம். தொடங்க 78-ஆம் சங்கீதத்தின் முதல் 7 வசனங்கள் எனக்குப் பிடித்தவை. அடுத்த தலைமுறைக்குச் சொல்வதைப் பற்றியே அவை பேசுகின்றன.

முதல் கேள்வி பிள்ளையுடையது. பெரியவர் பதில் 3 நிமிஷம், மீறினால் பிரசங்கமாகிவிடும். நேரத்தை வாலிபர் பார்க்கட்டும். மின்விசிறிக்கு அடியில் உட்காராதீர்கள், அந்த இரைச்சலில் முதியவர்களுக்குக் காது கேட்காது. கோயில் முற்றத்து வேப்பமர நிழல் நல்லது.

அசனத்தில் (சபையார் கூடி உண்ணும் விருந்து) பரிமாறவும் இதே குழுக்களை விடுங்கள்.