ஃபோர் வீல் வண்டி: டயர் கடைக்குப் போகும் முன் அடியில் குனிந்து பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட், தாப்பா, குளுவாங் போன்ற தோட்டப் பட்டணங்களில் பழைய ஹைலக்ஸோ பஜேரோவோ வாங்கியவர் முதலில் போய் நிற்கும் இடம் டயர் கடை. 33 அங்குல மட் டயர், வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட், கூரையில் விளக்கு வரிசை. வண்டி கம்பீரமாகத்தான் நிற்கும். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியலில் எண்ணெய் எப்போது மாற்றியது என்று கேட்டால்தான் பதில் வராது. செலவு வரிசை இப்படித் தலைகீழாகப் போவதால் வரும் கோளாறுகளே அதிகம்.

எண்ணெயிலிருந்து தொடங்குவோம். நீண்ட தூரம் ஓடிய டிஃப்ரன்ஷியல் கொதித்துக் கிடக்கும். அப்படியே ஓடையில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, ஆக்சில் மேலுள்ள பிரீதர் என்ற காற்றுத்துளை வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிவிடும். பிரீதரில் எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயை மாட்டி எஞ்சின் அறையின் மேல்பகுதி வரை ஏற்றிக் கட்டுங்கள். லிஃப்ட் கிட் விலைக்கு முன் இது சில்லறைக் காசு. தண்ணீரில் இறங்கி வந்த பிறகு எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் கலங்கியிருந்தால் தள்ளிப்போடாமல் மாற்ற வேண்டும். இல்லையென்றால் பேரிங் துருப்பிடித்து ஊளையிட ஆரம்பிக்கும்.

மாற்றும்போது பலர் கீழே இருக்கும் வடிகால் நட்டைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். எண்ணெய் முழுக்க வடிந்த பின், மேலே ஊற்றும் துளையின் நட்டு துருவேறி அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்டு பிறகு கீழே கை வையுங்கள். வண்டி சமதரையில் நிற்க, புது எண்ணெய் அந்தத் துளையின் விளிம்பைத் தொட்டு வழியத் தொடங்கினால் அளவு சரி. டிஃப்ரன்ஷியலுக்கு வாங்கி மீந்த ஜிஎல்-5 தர எண்ணெயை மேனுவல் கியர்பாக்சில் ஊற்றும் சிக்கனம் வேண்டாம். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்சின் பித்தளை சின்க்ரோ வளையங்களை (கியர் சத்தமின்றி விழ உதவுபவை), ஜிஎல்-5இல் இருக்கும் கந்தகச் சேர்மானம் அரிக்கக்கூடும்.

டீசல் வண்டி என்றால் இன்னொன்று. 2019 முதல் நம் பம்புகளில் கிடைக்கும் பி10 டீசலில் 10 விழுக்காடு வரை செம்பனை பயோடீசல். தோட்டத்துக்கு நல்ல செய்திதான். ஆனால் பயோடீசல் சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் இழுக்கும். பாதித் தொட்டியோடு வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் ஃபில்டரின் அடியில் தண்ணீர் சேரும். ஃபில்டர் அடியிலுள்ள பிளக்கைத் தளர்த்தி, மேலே கைப்பம்பை அழுத்தி, சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிடுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினால் இன்ஜெக்டர்தான் பலி.

வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாத எதிரி உரம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, ஒரு வகை உப்பு. பின் பெட்டியில் உர மூட்டை ஏற்றினால் சிந்திய தூள் மழைநீரில் கரைந்து, வண்டியின் அடிச்சட்டமான சேசிசுக்குள் இறங்கி இரும்பைத் தின்னும். மேலே பளபளவென்று கழுவிவிட்டுப் போனால் பயனில்லை. சேசிசில் இருக்கும் வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தி, உள்ளே அடைத்த சேற்றை எடுத்து, குழாய்த் தண்ணீர் தெளிவாக வெளியே வரும்வரை விடுங்கள். துருவையும் சேற்றையும் அப்படியே வைத்து மேலே கருப்பு அண்டர்கோட் அடிப்பது, ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும் வேலை. ரேடியேட்டருக்கும் ஏர்கான் கண்டென்சருக்கும் நடுவே புல்விதை அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் கழுவ வேண்டும். ஜெட் அடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும்.

இப்போது டயருக்கு வருவோம். ஹைலக்ஸின் 265/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 30.6 அங்குலம். 33 போட்டால் ஏறக்குறைய 8 விழுக்காடு பெரிது. ஏற்றத்தில் இழுவை குறையும், கிளச் சூடேறும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். லிஃப்ட் செய்தால் முன் டிரைவ் ஷாஃப்டின் சிவி ஜாயிண்ட் (சக்கரத்துக்கு விசை கடத்தும் வளையும் மூட்டு) அதிகக் கோணத்தில் வளைந்து, ரப்பர் உறை கிழியும். இதைவிடக் கவனிக்காமல் விடுவது பின் ஆக்சிலோடு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு. பல பிக்கப் வண்டிகளில் சேசிஸ் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அது சுமையைக் கணிக்கும். வண்டியை உயர்த்திவிட்டு அதன் கம்பியைச் சரிசெய்யாவிட்டால், பெட்டி காலியாக இருப்பதாக எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

காற்று அழுத்தத்தில் மட்டும் காசே செலவில்லை, அதையும் செய்ய மாட்டார்கள். தார்ச்சாலையில் 32 பிஎஸ்ஐ என்றால், செம்மண் சாலையில் 24, சகதியில் 18 போதும். 15க்குக் கீழே இறங்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். குறைத்த காற்றோடு தார்ச்சாலையில் பறக்காதீர்கள்; கம்ப்ரசர் கையில் இருக்கட்டும். அதேபோல் ஹைலக்ஸ், ஜிம்னி போன்ற பார்ட் டைம் (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டிகளில் ஃபோர் ஹைய்யைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டு ஓட்டக்கூடாது. நடு டிஃப்ரன்ஷியல் இல்லாததால் திருப்பத்தில் முன், பின் சக்கரங்களின் வேக வித்தியாசம் போக இடமின்றி முன், பின் ஆக்சில்களுக்கு விசை பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேசை முறுக்கும்.

உயிரை எடுக்கும் தவறு, மாட்டிக்கொண்ட வண்டியை டோ பாலில் (டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டை) கட்டி இழுப்பது. செம்பனைப் பழ லோரித் தடத்தில் டிஃப்ரன்ஷியல் தட்டி உட்கார்ந்த வண்டி சேற்றோடு ஒட்டியிருக்கும். அதை இழுக்கும் விசை வண்டியின் எடையையே மிஞ்சக்கூடும். டோ பால் முறிந்தால் கண்ணாடியைத் துளைத்துப் பாயும். சேசிசில் போல்ட் செய்த கொக்கி, 4.75 டன் முத்திரையுள்ள ஷேக்கிள் (இணைப்பு வளையம்), நீளும் தன்மையுள்ள நைலான் ஸ்ட்ராப், இவை மூன்றும் தேவை. லோரிச் சங்கிலியால் வெடுக்கென்று இழுக்கவே கூடாது. ஸ்ட்ராப்பின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை ஸ்ட்ராப்பின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வையுங்கள்.

வின்ச் (கம்பி சுற்றி இழுக்கும் கருவி) வாங்குகிறவர்கள் வண்டியின் முழுச் சுமை எடையைப்போல் ஒன்றரை மடங்கு பாருங்கள். மூன்று டன் வண்டிக்கு 10,000 பவுண்டு. அந்த எண்ணும் டிரம்மில் முதல் சுற்று அடுக்குக்கு மட்டும்தான், மேல் அடுக்குகளில் இழுவை குறைந்துகொண்டே போகும். கம்பியை மரத்தில் நேராகச் சுற்றாமல் அகலமான பெல்ட் போட்டு, அடிமரத்தோடு ஒட்டிக் கட்டுங்கள். பால் மரத்தில் (ரப்பர் மரம்) வெட்டுப்பட்டை காயப்பட்டால் தோட்ட நிர்வாகம் சும்மா விடாது. தெலுக் இந்தான் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் சாய்ந்து வளர்ந்த செம்பனையை நம்பி வின்ச் போடவே வேண்டாம், வண்டி நகர்வதற்குள் மரம்தான் பெயர்ந்து வரும்.