நாய் வளர்க்கும் வீட்டில் எந்தச் செடியை முதலில் அகற்ற வேண்டும்? படிப்படியாக ஒரு வழிமுறை

நாய்க்குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே தோட்டத்தைச் சரிசெய்துவிடுவது நல்லது. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். ஈறு குறுகுறுக்கும் அந்த நாட்களில் செருப்பு, துடைப்பம், செடி எதையும் குட்டி விட்டுவைக்காது. கசப்பாக இருந்தால் தின்னாது என்று நம்பியிருக்க வேண்டாம்.

தேவையானவை: ரப்பர் கையுறை, செடி வெட்டும் கத்தரி, மண்வெட்டி, தடித்த குப்பைப் பை, கைப்பேசி.

படி 1: குனிந்து பாருங்கள்

வீட்டையும் தோட்டத்தையும் நாயின் கண்மட்டத்தில் ஒரு சுற்று சுற்றி, எட்டும் உயரத்தில் உள்ள ஒவ்வொரு செடியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொங்கும் தொட்டிகளிலிருந்து இலை உதிரும் இடங்களையும் கவனியுங்கள். நர்சரியில் சொன்ன பெயர் போதாது. 'பாம்' என்ற ஒரே பெயரில் அரேகா பாமும் விற்கிறது, சாகோ பாம் எனப்படும் சைக்கஸும் விற்கிறது. முன்னது நாய்க்கு ஆபத்தில்லாதது. தண்டு மூங்கில் போல வழவழப்பாக இருக்கும். சைக்கஸின் அடிமரம் சொரசொரப்பானது. இலை விறைப்பாக, நுனி ஊசிபோல் குத்தும்.

படி 2: உயிரைப் பறிப்பவற்றை முதலில் அகற்றுங்கள்

*சைக்கஸ்.* இலை, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு. விதையில் மிக அதிகம். ஒன்றிரண்டு விதையே ஒரு நாயைக் கொல்லப் போதும். இதிலுள்ள சைக்கசின் கல்லீரலை அழிக்கிறது. வாசல் அழகுக்காக இதை வைத்திருப்பவர்கள் பலர். நாய் இருக்கும் வீட்டில் இதற்கு இடமே இல்லை என்பதுதான் எங்கள் கருத்து. வேலி போட்டு வைத்தாலும் விதை உருண்டு வெளியே வரும்.

*அரளி.* கணுவுக்கு மூன்று மூன்றாக நீண்ட, குறுகிய இலைகள் இருந்தால் அரளி. பூவின் நிறம் எதுவானாலும் நஞ்சு ஒன்றுதான். இதய அணுக்களில் சோடியம், பொட்டாசியம் சீராகப் போய்வருவதை அது தடுத்துவிடுவதால் துடிப்பு தாறுமாறாகிறது. காய்ந்த சருகிலும் நஞ்சு குறையாது; பூ வைத்த குவளைத் தண்ணீரிலும் இறங்கும். பொன்னரளி, அடீனியம், எருக்கு ஆகியவையும் இதயத்தைத் தாக்கும் இதே வகை.

*ஆமணக்கு.* விதையை முழுசாக விழுங்கினால் சில சமயம் அப்படியே வெளியேறிவிடும். மென்றுவிட்டால் உள்ளிருக்கும் ரைசின் வெளிப்பட்டு உயிருக்கே ஆபத்து.

*செங்காந்தள்.* விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்பார்கள். கொல்சிசின் என்ற நஞ்சு கிழங்கிலும் விதையிலும் அதிகம். கொடி காய்ந்து மறைந்த பிறகும் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். அந்த இடத்தைத்தான் நாய் தோண்டும்.

அரளியை மேலோடு வெட்டினால் மறுபடி தளிர்க்கும், வேரோடு தோண்டுங்கள். வெட்டியதை எரிக்கக் கூடாது, புகையும் நஞ்சு. தெருவோரம் வீசினால் ஆடு மாடு தின்று செத்துப்போகும். பையில் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் விவரம் சொல்லிக் கொடுங்கள். கத்தரியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

படி 3: வாயைப் புண்ணாக்குபவற்றை உயரே ஏற்றுங்கள்

மணி பிளான்ட், டைஃபன்பேக்கியா, சிங்கோனியம், ஆந்தூரியம், பீஸ் லில்லி, சேம்பு. இவற்றின் இலைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. கடித்த நொடியிலேயே வாய் எரிவதால் நாய் பெரும்பாலும் அதிகம் தின்னாது. எச்சில் ஒழுகும், முன்னங்காலால் வாயைத் தேய்க்கும். ஈரத்துணியால் வாயைத் துடைத்து, ஒன்றிரண்டு கரண்டி தயிர் கொடுக்கலாம். தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை. சோற்றுக்கற்றாழையின் தோலுக்கடியில் வரும் மஞ்சள் பால் பேதியாக்கும். அதையும் உயரே வையுங்கள்.

காலியான இடத்துக்கு மல்லிகை, ரோஜா, துளசி போதும். ஒரு தட்டையான தொட்டியில் மருந்தடிக்காத அருகம்புல் வளர்த்தால் நாய் மேய அது உதவும்.

படி 4: பூஜைக் குப்பையும் உரமும்

இந்தச் செடிகளே இல்லாத வீட்டிலும் நஞ்சு வருவது இந்த வழியில்தான். சாமிக்குப் போட்ட அரளி மாலை, சதுர்த்திக்கு வாங்கிய எருக்கம்பூ மாலை, சிவராத்திரிக்கு வாங்கிய ஊமத்தை, எல்லாம் மறுநாள் தோட்டத்து மூலைக்குப் போகின்றன. மூடியுள்ள வாளியில் போடுங்கள்.

ஆமணக்குப் புண்ணாக்கு இதைவிட மோசம். எண்ணெய் பிழிந்தாலும் ரைசின் சக்கையில் தங்கிவிடுகிறது. வாசனைக்கு நாய் தேடிப் போய்த் தின்னும். கூடவே எலும்புத்தூளும் கலந்திருந்தால் சொல்லவே வேண்டாம். மாட்டுச்சாண எருவோ மண்புழு உரமோ போதும்.

படி 5: தின்றுவிட்டால்

1. வாயில் மிச்சம் இருப்பதைக் கையுறையோடு எடுங்கள். தின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி வலிப்பு வரை கொண்டுபோகும். சோப்புத் தண்ணீரும் புளிக்கரைசலும் மூச்சுக்குழாயில் இறங்கலாம். பால் ஊற்றினால் அரளி விஷம் முறியும் என்பது பொய். அதில் போவது நேரம்தான்.

3. கால்நடை மருத்துவரிடம் நான்கு விவரம் சொல்லுங்கள்: எந்தச் செடி, எந்தப் பகுதி, எத்தனை மணிக்கு, நாயின் எடை. செடியின் ஒரு கிளையை உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து, எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

4. வண்டியில் போகும்போது பின்னங்காலின் உள்தொடையில் விரல் வைத்து நாடி பாருங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பெரிய நாய்க்கு 60 முதல் 100, சிறிய இனத்துக்கு 100 முதல் 140 வரை இயல்பு. மிகக் குறைந்தாலும் விட்டுவிட்டுத் துடித்தாலும் போய்ச் சேர்ந்ததும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் வாந்தி எடுக்க வைத்து, கரித்தூள் மருந்து கொடுத்து நஞ்சின் பெரும்பகுதியைத் தடுத்துவிட முடியும். பலர் தவறுவது அதற்குப் பிறகுதான். சைக்கஸ் தின்ற நாய் வாந்தி எடுத்துவிட்டு, அன்று மாலையே வாலாட்டிக்கொண்டு நிற்கலாம். கல்லீரல் கெடுவது தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். ஆமணக்கிலும் முதல் அறிகுறிக்கே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். அதனால் வாந்தி நின்றுவிட்டது என்று சிகிச்சையை நிறுத்தாமல், மூன்று நாள் வரை கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். தினம் காலையும் மாலையும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பு மாறி மஞ்சள் தட்டினால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.